இரண்டு கிலோபைட் கடன் கொப்பி

கிளிநொச்சிப் பக்கம், முரசுமோட்டையில் எங்களுக்கு ஒரு பசளைக் கடை. பசளை, விதைநெல், களைநாசினி, கிருமிநாசினி, தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு வேண்டிய உதிரிகள், அதோடு கொஞ்சம் இரும்புச் சாமான். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் போனவர்கள் இப்படிப் பத்துக் கடையாவது பார்த்திருப்பீர்கள். வெளியில் நின்று பார்த்தால் சாமான் விற்கிற கடை. உள்ளே வந்து ஒரு நாள் இருந்து பார்த்தால்தான் தெரியும், நாங்கள் உண்மையில் கடன் கொடுக்கிற ஆட்கள்.

காலபோகத்துக்கு ஒக்டோபரில் விதைப்புத் தொடங்கும். விதைநெல் கடன். இரண்டு மூன்று கிழமையில் களைநாசினி கடன். பிறகு யூரியா, அதுவும் கடன். பெப்ரவரி, மார்ச்சில் நெல் வெட்டி விற்ற பிறகுதான் காசு கைக்கு வரும். ஆக, வருசத்தில் எங்கள் காசு ஊரிலே அதிகம் நிற்கிற மாதம் டிசம்பர். வன்னியில் மழை ஊற்றுகிற மாதமும் டிசம்பர்தான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்க எனக்கு 2018 வரை எடுத்தது.

2014இல் கணினி வாங்கினோம். அதற்கு முன்னர் நீல மட்டைக் கொப்பிதான், ஆளுக்கு ஒரு பக்கம். அண்ணரின் மகன் ஒரு கணினிப் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். "சித்தப்பா, இன்னும் கொப்பியிலையோ எழுதுறியள்" என்று பகிடி பண்ணிப் பண்ணியே பில் போடுகிற மென்பொருள் ஒன்றை வாங்க வைத்துவிட்டான். நல்ல வசதி, பொய் சொல்லக் கூடாது. பெயரைத் தட்டினால் நிலுவை வந்து நிற்கும். கார்பன் தாள் வைத்து எழுதுகிற பில் பொத்தகங்களை ஒதுக்கிவிட்டு, சுருள் கடதாசியில் சூட்டால் அச்சடிக்கிற சின்ன பிரிண்டருக்கு மாறினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் பெடியன் ஒரு பென் டிரைவைச் செருகி, கணக்கை அதில் 'போட்டு' வைப்பான். பென் டிரைவ் மேசை லாச்சியில் இருக்கும். கணினிப் பெட்டி மேசைக்குக் கீழே, நிலத்தில். எல்லாரும் அப்படித்தானே வைக்கிறார்கள்.

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு. இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்தார்கள். மழை ஒரு பக்கம், கனகராயன் ஆற்றால் வந்த தண்ணீர் மறுபக்கம். பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை எல்லாம் ஒரே வெள்ளம். எங்களுக்கு வீட்டிலிருந்து ஆட்களை வெளியே எடுக்கத்தான் நேரம் இருந்தது. நான் கடைப்பக்கம் போகவில்லை. போயிருந்தாலும் முதலில் யூரியா மூட்டைகளைத்தான் தூக்கியிருப்பேன். கணினி நினைவுக்கே வந்திருக்காது.

தண்ணீர் வடிந்து கடையைத் திறந்தபோது மேசைப் பலகைக்குக் கொஞ்சம் கீழே சேற்றுக்கோடு தெரிந்தது. லாச்சி முழுக்கச் சேறு. கணினிப் பெட்டியைச் சரித்தால் மண்தண்ணீர் ஊற்றியது. யூரியா கரைந்து போன வெறும் பைகள். மனைவி பையை எண்ணினாள், நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த இடத்தில் நாங்கள் செய்த ஒரு பிழையை விபரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெள்ளத்துக்குப் பிறகு பலர் இதையே செய்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துடைத்து, வெயிலில் வைத்து, தலைமுடி காயவைக்கிற மெசினால் சூடு பிடித்து, 'காய்ந்துவிட்டது' என்று கரண்ட் கொடுத்தோம். திருத்துகிற ஒருவரும் பக்கத்தில் நின்று சம்மதித்தார். டிக் டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பிறகு கொழும்பில் தரவு மீட்கிற ஓரிடத்தில் விசாரித்தபோதுதான் விளங்கியது: உள்ளே வட்டுக்கும் அதை வாசிக்கிற தலைக்கும் இடையில் இருக்கிற வெளி ஒரு தலைமயிரின் தடிப்பிலும் எத்தனையோ மடங்கு சிறியது. சேறு காய்ந்து உள்ளே ஒட்டின நிலையில் வட்டைச் சுழல விட்டால் தலை வட்டைக் கீறிவிடும். நனைந்த டிஸ்க்குக்கு எக்காரணம் கொண்டும் கரண்ட் கொடுக்கக் கூடாதாம், கஷ்டப்பட்டுக் காயவைக்கவும் கூடாதாம். ஈரத்தோடேயே காற்றுப் போகாத பையில் கட்டி, கெதியாக அவர்களிடம் அனுப்பினால் வாய்ப்பு உண்டாம். அரிசிக்குள் புதைத்து வைக்கிற வைத்தியமும் உதவாது. எங்களதைக் கீறின பிறகு கொண்டு போனபடியால் அவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"பயப்படாதேங்கோ சித்தப்பா, எல்லாம் பென்னிலை இருக்கு" என்றான் பெடியன். பென் டிரைவுக்குள் சுழலுகிற பாகம் எதுவும் இல்லை. நல்ல தண்ணீரில் கழுவி, பல நாள் காயவிட்டுச் செருகினால் பெரும்பாலும் வேலை செய்யும். எங்களதும் வேலை செய்தது. திறந்து பார்த்தோம். உள்ளே ஒரேயொரு கோப்பு. மென்பொருளின் பெயர், அதன் படம், படத்தின் மூலையில் சின்னதாய் வளைந்த ஓர் அம்புக்குறி. அளவு இரண்டு கிலோபைட்.

கணினி தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். அது கணக்கு இல்லை. கணக்கு மென்பொருளைத் திறக்கிற குறுக்குவழி. முகப்பில் இருந்த படத்தைப் பிடித்து இழுத்துப் பென் டிரைவில் போட்டிருக்கிறான், ஒவ்வொரு சனிக்கிழமையும், ஆறு மாதத்துக்கு மேலாக. வீட்டுக்குப் பதிலாக வீட்டுக்குப் போகிற வழியை எழுதின துண்டைச் சேமித்து வைத்த கதை. பெடியன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் அவனைப் பேசவும் இல்லை. அத்தனை சனிக்கிழமையும் நான் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஒரு நாளாவது அதை வேறொரு கணினியில் திறந்து காட்டு என்று கேட்டேனா?

பிறகு தொடங்கியது கணக்கைத் திரும்பக் கட்டுகிற வேலை. இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை, ஆனால் பேக்கப் இல்லாமல் மாட்டுப்பட்டவருக்கு இது உதவும்.

மொத்தத் தொகையைக் கண்டுபிடிப்பது நாங்கள் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. எங்களுக்குச் சாமான் தருகிற கொம்பனிகளிடம் அவர்களுடைய பில்களின் பிரதி இருந்தது, கேட்டவுடன் அனுப்பினார்கள். வாங்கின சாமானிலிருந்து வெள்ளத்துக்கு முன் கடையில் இருந்ததைக் கழித்தால் விற்றது வரும். விற்றதிலிருந்து வங்கியில் போட்ட காசைக் கழித்தால் கடன் வரும். ஆக, ஊரில் எவ்வளவு நிற்கிறது என்று கிட்டத்தட்டத் தெரியும். யாரிடம் எவ்வளவு என்பதுதான் தெரியாது. தெரிந்த தொகை, தெரியாத ஆட்கள். அது நித்திரை கொள்ள விடாது.

சுருள் கடதாசி பில்கள் எதுவும் உதவவில்லை. சூட்டில் அச்சாகிற எழுத்து சட்டைப்பையில் வியர்வை பட்டாலே மங்கும், வெள்ளத்தில் கேட்கவே வேண்டாம். ஆனால் 2014க்கு முந்திய பழைய பில் பொத்தகங்களில் இரண்டு மூன்று பரணில் இருந்து இறங்கின. ஓட்டை வழியாக நனைந்து ஊதிப் போயிருந்தாலும் கார்பன் எழுத்து அப்படியே வாசிக்கக்கூடியதாக இருந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், கார்பன் பில்லைத் திரும்பக் கொண்டு வருவதென்று.

எதிர்பாராத உதவி வட்ஸ்அப்பில் கிடைத்தது. "அண்ணை, மகனை அனுப்புறன், ரெண்டு அந்தர் யூரியா குடுத்து விடுங்கோ" என்று வந்த குரல் செய்திகள். அந்தர் என்றால் பழக்கத்தில் ஒரு 50 கிலோ மூட்டை. மனைவி இரண்டு மாதச் செய்திகளையும் இருந்து கேட்டு, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதினாள். பாதிக் கடன் அப்படியே வெளியில் வந்தது.

மிச்சத்துக்கு ஆட்களிடம்தான் போக வேண்டும். ஆனால் அவர்களுடைய வயலும் அதே வெள்ளத்தில்தான் கிடந்தது. பயிர் அழிந்தவன் வீட்டு வாசலில் போய் நின்று, 'உன் கடன் எவ்வளவு என்று எனக்கு மறந்து போச்சு' என்று எப்படிக் கேட்பது? தைப்பொங்கல் கழியும் வரை பேசாமல் இருந்தோம். அதற்குள் பலர் தாங்களாகவே வந்து சொல்லிவிட்டார்கள். ஒரு வயதான ஐயா நான் நினைத்ததிலும் ஒரு மூட்டை கூடச் சொன்னார். நான் இல்லை என்றேன். "நீ மறந்திருப்பாய், நான் தின்றது எனக்குத் தெரியும்" என்றார். இரண்டு பேர் இன்றைக்கும் வீதியில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். கடைசியில் நூற்றுக்கு எண்பது அளவில் கணக்குக்கு வந்தது. மிச்சத்தை வெள்ளத்தோடு விட்டோம்.

சரி, பிறகு என்ன செய்தோம்?

முதலில் நானும் மனைவியும் பெடியனும் இருந்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதினோம். எத்தனை நாள் கணக்குத் தொலைந்தால் எங்களால் தாங்க முடியும்? கணக்கு இல்லாமல் எத்தனை நாள் கடை நடத்த முடியும்? தொழில்நுட்பக்காரர் இதற்கு ஆர்.பி.ஓ., ஆர்.டி.ஓ. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எதுவானாலும், எங்கள் பதில் மாதத்துக்கு மாதம் வேறு என்பதுதான் முக்கியம். ஏப்ரலில் ஒரு கிழமைக் கணக்குப் போனாலும் ஞாபகத்தில் எழுதிவிடுவேன். நவம்பரில் ஒரு நாள் போனாலும் நட்டம். அதனால் ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து மார்ச் கடைசி வரை தினமும் பேக்கப். மற்ற மாதங்களில் கிழமைக்கு இரண்டு. கையேடுகளில் 'தினமும் செய்யுங்கள்' என்று பொதுவாக எழுதியிருக்கும். வருசம் முழுக்கத் தினமும் என்று தொடங்கினால் மூன்றாம் மாதமே சலித்துவிடும். போகத்தோடு சேர்த்துக் கட்டினால் நிற்கும். இது என் அபிப்பிராயம்.

எங்கே வைப்பது என்கிற கேள்விக்கு அம்மாவின் பை பதில் சொன்னது. 2008இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா காணி பெர்மிட், பிறப்புச் சான்றிதழ்கள், எங்களுடைய பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாவற்றையும் பொலித்தீனில் இரண்டு மடிப்பாகச் சுற்றி ஒரு பையில் போட்டு இடுப்போடு கட்டினா. ஒரு தொகுதி போட்டோக் கொப்பியைச் சின்னம்மாவிடம் கொடுத்தா. சின்னம்மா குடும்பம் வேறு பாதையால் போனது. விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் இடத்திலும் பதுங்கு குழி வெட்டின பிறகு அம்மா செய்கிற முதல் வேலை அந்தப் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணுவது. ஈரம் பட்டிருந்தால் காயவைப்பது. செட்டிகுளம் முகாமுக்குள் போனபோது எங்களிடம் வேறொன்றும் இல்லை, அந்தப் பை இருந்தது. 2010இல் மீள்குடியேற்றத்துக்குப் பதிந்தபோது பெர்மிட்டை நீட்டினோம். பக்கத்து வளவுக்காரர் தன் பெர்மிட்டின் பிரதிக்கு எத்தனை நடமாடும் சேவைக்குப் போய் வரிசையில் நின்றார் என்று எனக்குத் தெரியும்.

அம்மா செய்ததற்கு கணினி உலகத்தில் 3-2-1 என்று ஒரு விதி இருக்கிறது. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறிடத்தில். படம் எடுக்கிறவருக்கு நெகட்டிவ் போனால் எல்லாம் போனது என்பது விளங்கும், அதனால்தான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எங்கள் மூன்று இவை. கணினியில் இருக்கிற கணக்கு ஒன்று. வெளியில் செருகுகிற ஹார்ட் டிஸ்க்கில் இன்னொன்று; அப்படி டிஸ்க் இரண்டு வைத்திருக்கிறோம், இவை இரண்டும் மாறி மாறிப் பயணம் போகும். கூகுள் டிரைவில் ஒரு பிரதி. ஹார்ட் டிஸ்க்குகளில் பெரிய எழுத்தில் 'வெள்ளை', 'கறுப்பு' என்று ஒட்டியிருக்கிறோம். வெள்ளை கடையில் இருந்தால் கறுப்பு வவுனியாவில் தங்கச்சி வீட்டில். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நான் சாமான் எடுக்க வவுனியா போகும்போது மாற்றுவேன். முதலில் பக்கத்தில் மாமா வீட்டில் வைக்கலாம் என்றுதான் மனைவி சொன்னாள். ஆனால் மாமா வீடும் அதே ஆற்றின் கரையில். ஒரே வெள்ளம் இரண்டு வீட்டுக்கும் வரும் என்றால் அது வேறிடம் இல்லை.

டிஸ்க்கில் ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கடன் விபரம் எல்லாம் இருக்கிறது. பஸ்ஸில் தவறினால் ஊர்க்கடன் முழுக்க அம்பலம். வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் பூட்டியிருக்கிறோம். பூட்டின கையோடு வந்த பிரச்சினை: கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். 2019இல் டெங்கு வந்து நான் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காய்ச்சல் உச்சத்தில் மனைவி காதுக்குள் குனிந்து "அந்தச் சொல் என்னப்பா" என்று கேட்டாள். நான் ஏதோ உளறினேனாம். இப்போது அது எழுதி ஒட்டின கடித உறையில் தங்கச்சியின் அலுமாரியில் இருக்கிறது.

கொப்பி பண்ணுகிற முறையிலும் ஒரு பள்ளம் உண்டு. எங்கள் பில் மென்பொருளுக்கு அடியில் ஓடுவது மைக்ரோசொஃப்ட்டின் எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ், கணக்கு விபரங்களைச் சேமித்து வைக்கிற ஒரு தரவுத்தள மென்பொருள். சின்னக் கடைகளுக்கு விற்கிற மென்பொருள்களில் பல இதன் மேல்தான் நிற்கின்றன, இலவசம் என்பதால். அது ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்பைச் சும்மா பிடித்து இழுத்துக் கொப்பி பண்ண முடியாது. குறுக்கு வழியில் எடுத்தாலும் திறக்காத பிரதிதான் கிடைக்கும். மென்பொருளுக்கு உள்ளேயே இருக்கிற பேக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். இந்த இலவசப் பதிப்பில் 'ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு எடு' என்று தானாக ஓட வைக்கிற வசதியும் கிடையாது. விண்டோஸில் இருக்கிற டாஸ்க் ஷெடியூலரில் சொல்லி வைக்க வேண்டும். உங்களுக்கு மென்பொருள் விற்றவரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: என் கணக்கு எந்தக் கோப்பில், எந்த இடத்தில் இருக்கிறது? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் மென்பொருள் வாங்க வேண்டாம்.

கூகுள் டிரைவ் பற்றிச் சுருக்கமாக. இலவசமாகத் தருகிற 15 ஜிபி எங்களைப் போன்ற கடைக்குத் தாராளம்; எங்கள் பேக்கப்பைச் சுருக்கினால் 60 எம்பிதான், இரவு டேட்டாவில் ஏறிவிடும். ஆனால் கணினியோடு இணைத்து வைக்கிற கோப்புறையைப் பேக்கப் என்று நம்பக் கூடாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைக்கூடையில் 30 நாள் கிடக்கும், பிறகு இல்லை. அழிந்தது தெரியவே 40 நாள் ஆனால்? அதனால் ஒவ்வொரு நாளும் திகதியைப் பெயராக வைத்துப் புதுக் கோப்பாக ஏற்றுகிறோம்.

இவ்வளவும் செய்து ஐந்து மாதம் பெருமையாகத் திரிந்தோம். ஆறாம் மாதம் பெடியன், பட்டபாடு மறக்காதபடியால், தன் பழைய மடிக்கணினியில் பேக்கப்பைத் திறந்து பார்க்கிறேன் என்றான். கோப்பு இருந்தது. திகதி சரி. அளவு பூச்சியம். கணினியின் சி டிரைவ் நிரம்பி 11 நாளாக வெறும் கோப்புகள் உருவாகிக்கொண்டிருந்தன. ஷெடியூலர் ஒவ்வொரு நாளும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்றுதான் எழுதி வைத்திருந்தது. அதுக்கென்ன, தனக்குச் சொன்ன வேலையை அது செய்துவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பின்னேரம் மீட்புப் பரீட்சை. பழைய மடிக்கணினியில் பேக்கப்பைத் திறக்க வேண்டும். நான் மூன்று பெயர் சொல்லுவேன். அந்த மூவரின் நிலுவையும் கடைக் கணினியில் இருக்கிறதோடு ஒத்துப் போக வேண்டும். தேநீர் குடித்து முடிக்கிற நேரம்தான். இந்தப் பரீட்சையில்தான் இன்னொன்றும் தெரிய வந்தது: மென்பொருளை நிறுவுகிற கோப்பும் உரிமக் குறியீடும் எங்களிடம் இல்லை. கணக்கு இருந்தும் திறக்கிற மென்பொருள் இல்லாமல் என்ன செய்வது? அதோடு, புதிய பதிப்பு எஸ்.கியூ.எல். சர்வரில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் திறக்காது. இப்போது நிறுவற்கோப்பும் அதே டிஸ்க்கில் இருக்கிறது.

இந்தப் பரீட்சையின் பயன் 2022இல் தெரிந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. எங்கள் யூ.பி.எஸ். பட்டறி எப்போதோ செத்திருந்தது, அது வரிசையாகக் கீச்சிட்டதை நாங்கள் பழகிப் போயிருந்தோம். ஒரு நாள் பில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. திரும்ப வந்தபோது கணக்கு திறக்கவில்லை. தரவுத்தளத்துக்குப் பக்கத்தில் 'சந்தேகத்துக்குரியது' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். 2018 ஆக இருந்தால் நான் தலையில் கை வைத்து இருந்திருப்பேன். பெடியன் முந்தின இரவுப் பேக்கப்பை எடுத்து, நாற்பது நிமிடத்தில் கடையைத் திறந்தான். அன்று காலைப் பில்களைக் கார்பன் பொத்தகத்திலிருந்து அடித்தோம். டீசல் இல்லாத காலம், ஜெனரேற்றர் வைத்திருந்தவர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யூ.பி.எஸ். கடை நடத்த இல்லை, ஒழுங்காக மூடுவதற்குத்தான். பட்டறியை இரண்டு மூன்று வருசத்துக்கொருமுறை மாற்றுங்கள்.

வெள்ளமும் கரண்டும் மட்டும்தான் எதிரி என்று நினைத்திருந்தேன். வவுனியாவில் எனக்குத் தெரிந்த ஓர் அரிசி ஆலைக்காரர் ஒரு காலை கணினியைத் திறந்தால் எல்லாக் கோப்புக்கும் வால் முளைத்திருந்தது. பெயருக்குப் பின்னால் விளங்காத நாலு எழுத்து, ஒன்றும் திறக்காது, டொலர் கேட்டு ஒரு கடிதம். காசில்லாமல் இறக்கின திருட்டு மென்பொருளோடு வந்த பணயத் தீம்பொருள். அவர் பேக்கப் வைத்திருந்தவர்தான், அதுவும் தினமும். ஆனால் பேக்கப் டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியபடி விட்டிருந்தார். அதுவும் பூட்டுப்பட்டது. பெரிய இடமும் இதற்கு விலக்கல்ல: 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையையே இப்படித் தாக்கி, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்காமல் போயின, அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இல்லாதபடியால். எங்கள் டிஸ்க் பேக்கப் எடுக்கிற பத்து நிமிடம் மட்டும் செருகியிருக்கும். பிறகு கழற்றி மேல்தட்டில், பிஸ்கட் தகரத்துக்குள். கணினிப் பெட்டியும் இப்போது மேசைக்கு மேலே. பிரிண்டருக்கு இடமில்லை என்று பெடியன் முறைப்பாடு, நான் கேட்பதில்லை.

கடைசியாக ஒன்று சேர்த்தோம், அதைப் பார்த்துப் பெடியன் சிரித்தான். கடன் நிலுவைப் பட்டியலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அச்சடித்து, பொலித்தீன் உறையில் போட்டு வீட்டில் ஆணியில் தொங்க விடுவது. பெயர், ஊர், நிலுவை, அவ்வளவுதான். நாலு பக்கம். "பிறகு ஏன் சித்தப்பா கொம்பியூட்டர்" என்றான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது அவன் சிரிக்கவில்லை. இந்த முறை கடைக்குள் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. கூகுள் டிரைவில் கணக்கு பத்திரமாக இருந்தது, அதை எட்டிப் பார்க்க வழியில்லை. கறுப்பு டிஸ்க் வவுனியாவில் பத்திரமாக இருந்தது, போக வழியில்லை. மூன்று பிரதியும் நலமாக இருக்க, நாங்கள் டோர்ச் வெளிச்சத்தில் ஆணியில் தொங்கின நாலு பக்கத்தை வைத்துக் கடை நடத்தினோம். வயலில் நின்ற தண்ணீரை இறைக்க மெசின் உதிரி கேட்டு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். ஆரிடம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, கொடுக்கலாம் என்று தோன்றினவர்களுக்குக் கொடுத்து, கார்பன் பில்லில் எழுதினோம்.

கரண்ட் வந்த பிறகு பெடியன் இருந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினான். 63 பில். 62 சரி. ஒன்றில் மழைத்துளி விழுந்து பெயர் இருந்த இடம் நீல மையாய்ப் பரவியிருந்தது. கார்பன் வைக்க மறந்து மேல்தாளில் மட்டும் எழுதிவிட்டேன் போல. பெல்ற் ஒன்று, பைப் 20 அடி, என் கையெழுத்துத்தான். யாருக்குக் கொடுத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கணக்கில் அதைப் 'பெயர் தெரியாதவர்' என்று ஒரு வாடிக்கையாளராகவே சேர்த்து வைத்திருக்கிறோம். வெட்டு முடியட்டும், வருவார்.